லைனரைக் கழற்றிப் பார்த்த நாள்

2024 பெப்ரவரி. சனவரி வெள்ளம் வடிந்து, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நெல் வெட்டுமெசின்கள் இறங்கத் தொடங்கியிருந்த நேரம். மச்சான் தன் டபுள் கெப்பை, பின்னால் திறந்த தொட்டியுள்ள பிக்கப்பை, என் கடைக்கு முன்னால் நிறுத்தினார். பின்கதவுக்குக் கீழே விரலால் தடவி, விரலைத் தூக்கிக் காட்டினார். தேயிலைச் சாயம் போல ஒரு கரைசல் வழிந்தது.

"இது எங்கால வருது மச்சான்? மேல லைனர் கிடக்குதே."

நான் கராஜ்காரன் இல்லை. களுவாஞ்சிகுடிப் பக்கம் சின்னதாக ஒரு பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். ஆனால் அந்த நிறத்தை எனக்குத் தெரியும். பெயின்ட் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கறளுக்கு மருந்து கேட்டுத்தான் வருகிறார்கள். அன்று தொடங்கி அடுத்த ஆண்டு சித்திரை வரை அந்தப் பின்தொட்டியோடும், அதைக் காக்க உள்ளே போட்ட பிளாஸ்டிக் உறையான லைனரோடும் நாங்கள் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன். கெப் வைத்திருந்து, "பின்னுக்கு என்ன போடலாம்?" என்று யோசிக்கிற யாருக்காவது பயன்படலாம்.

வண்டியும் அதன் வேலையும்

மச்சான் அந்த வண்டியை 2019இல் கொழும்புப் பக்கத்து விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினார். ஜப்பான் வண்டி, பழையதுதான். பின்தொட்டியில் கறுப்புப் பிளாஸ்டிக் லைனர் ஏற்கெனவே பொருத்தியிருந்தது. தொட்டியின் அளவுக்கே வார்த்து, அப்படியே உள்ளே இறக்கிவைக்கும் வகை அது. "லைனர் கிடக்கு, தொட்டி புதுசு மாதிரி இருக்கும்" என்று விற்றவர் சொன்னார். மச்சானும் நம்பினார். நானும் கூடப்போயிருந்தேன், நானும் நம்பினேன். திருகாணிகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

விடியப்புறம் வாழைச்சேனைத் துறைமுகம். ஆறேழு ரெஜிபோம் பெட்டிகளில் ஐஸ் போட்டு மீனை ஏற்றிக்கொண்டு களுவாஞ்சிகுடி வரை அறுபது கிலோமீற்றர் அளவான ஓட்டம். போகிற வழியெல்லாம் ஐஸ் உருகும். பெட்டி எவ்வளவு புதிதாக இருந்தாலும் மூடி இடுக்கால் தண்ணீர் வரும். அது வெறும் தண்ணீரும் இல்லை. கடல் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. ஐஸ் கலந்து அது குறைந்தாலும் இரும்பைத் தின்ன அது போதும்.

பெரும்போகம் தொடங்கினால் வேலை மாறும். பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி வெல்லாவெளிப் பக்கம் இருக்கிற வயலுக்கு விதைநெல், யூரியா, எம்.ஓ.பி. உரம் என்று மூட்டை மூட்டையாகப் போகும். வெட்டு முடிந்தால் நெல் மூட்டை திரும்பி வரும். இடையில் தண்ணீர்ப் பம்ப், மருந்தடிக்கிற மெசின், பெற்றோல் கான், யாராவது கேட்டால் ஒரு சுமை கல். வெள்ளிக்கிழமை பின்னேரம் அதே தொட்டியைக் கழுவி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பழைய கெப் ஒன்று வீட்டில் காணிக்கு அடுத்த சொத்தாகிவிட்டது. "பழுதானால் வித்திட்டு வேறொண்டு எடுப்பம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. இருக்கிற தகரத்தைக் காப்பாற்றித்தான் ஆகவேண்டும்.

கழற்றியபோது

ஊரில் எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கமான டிங்கர் பாஸ், வண்டித் தகர வேலை செய்கிறவர், ஒருவர் இருக்கிறார். வயது அறுபதுக்கு மேல். வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்து அடியைப் பார்த்தார், ஸ்குரூ ட்ரைவரின் பிடியால் இரண்டு மூன்று இடத்தில் தட்டினார். ஒரு இடத்தில் "டங்" என்றது. மூலையில் "பொத்" என்றது.

"மனே, முதல்ல இதக் கழட்டுங்க. மறுகா கதைப்பம்."

எட்டுத் திருகாணிகள். மூன்று ஒழுங்காகக் கழன்றன. மற்றவை துளையிலேயே சும்மா சுற்றின. பிடிப்பதற்கு அங்கே தகரம் இல்லை. இரண்டு பேர் பிடித்து லைனரைத் தூக்கியதும் வந்த மணத்தை எழுத முடியாது. உள்ளே கடற்கரை மணல், மீன் செதில், சேறு. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையில் வெள்ளையாக இறுகிப்போன ஒரு படை, யூரியாவும் எம்.ஓ.பி.யும் கலந்தது. நடுவில், நம்பமாட்டீர்கள், நாலைந்து நெல் முளைத்து வெளிறிய நாற்றாக நின்றது. எங்கள் வயலில் அந்தப் போகம் முளைத்ததைவிட அது நன்றாக முளைத்திருந்தது என்று மச்சான் சிரித்தார். சிரித்து முடிக்க முன்னம் பாஸ் முன்பக்க இடது மூலையில் ஸ்குரூ ட்ரைவரைக் குத்தினார். அது அடுத்த பக்கத்தால் வெளியே வந்தது.

சேதத்தை மூன்றாகப் பார்க்கலாம். லைனரின் அடிமேடுகள் தகரத்தில் உரசிய இடமெல்லாம் பெயின்ட் தேய்ந்து வெறும் இரும்பு தெரிந்தது. யாரோ சாண்ட் பேப்பர் போட்டது போல நேர்கோடு நேர்கோடாக. அடுத்தது திருகாணித் துளைகள். லைனரைப் பொருத்தியவர் தொட்டியைத் துளைத்துவிட்டு, துளையின் விளிம்புக்கு ஒரு சொட்டுப் பெயின்ட் கூட வைக்கவில்லை. மூன்றாவது முன்மூலைகள். தண்ணீர் வடியவென்று வண்டி செய்தவர்கள் விட்ட ஓட்டைகளை லைனரும் சேறும் சேர்ந்து அடைத்திருந்தன. அந்த மூலையில் உள்ளங்கை அளவுக்குத் தகரமே இல்லை.

லைனர் மட்டும் அருமையாக இருந்தது. கழுவினால் புதிது. ஐந்து வருடம் கல்லும் பம்பும் எறிந்தும் அதற்கடியில் தகரம் ஒரு இடத்திலும் ஒடுங்கவில்லை. அடியைத் தாங்குவது அதன் வேலை. அந்த வேலையில் அது ஒரு குறையும் வைக்கவில்லை. அதனால்தான் விற்றவர் மேலோ லைனர் மேலோ எனக்குப் பெரிய கோபம் வரவில்லை. மீனும் உரமும் ஏற்றுகிற வண்டிக்கு வேறு வேலைக்கான காவலாளியை வைத்திருந்தோம்.

ஏன் இப்படி ஆனது

தடித்த பிளாஸ்டிக் லைனர், ஹெச்.டி.பி.ஈ. என்று சொல்கிற வகை, தகரத்தோடு ஒட்டியிருப்பதில்லை. ஓட்டத்தில் அது அதிரும். வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். இடையில் மணல் இருந்தால் ஒவ்வொரு அதிர்வும் ஒரு தேய்ப்பு. மெல்லிய இடுக்கு என்பதால் தண்ணீர் தானாகவே உள்ளே இழுபடும். ஆனால் காற்று போகாது, வெயில் போகாது, காயாது.

உப்பின் குணத்தை எடுத்தால் கதை இன்னும் மோசம். பலரும் "ஒரு நாள் வெயில்ல விட்டாக் காஞ்சிடும்" என்று நினைக்கிறார்கள். கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்துக்கு மேல் போனால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் திரும்பக் கரைசலாகும். யூரியா 30 பாகை வெப்பத்தில் 73 வீதம் அளவிலேயே அதைச் செய்யும். இரண்டும் கலந்து கிடந்தால் இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கும். எங்கள் கரையோரத்தில் மாரி இரவு ஒன்றில் ஈரப்பதன் இதற்கெல்லாம் மேலே நிற்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, சீனிப் போத்தலைத் திறந்து பார்த்தால் தெரியும். ஆக அந்தத் தொட்டி மழை பெய்யாத நாளிலும் நனைந்துகொண்டே இருந்தது. எம்.ஓ.பி. என்பது பொட்டாசியம் குளோரைட். அதன் நிறையில் ஏறத்தாழப் பாதி குளோரைட். கடலுப்பு இரும்புக்குச் செய்வதை அதுவும் செய்யும். மீன் தண்ணீரை மட்டும் குற்றம் சொன்ன மச்சான், வயலில் இருந்து வந்ததும் அதே எதிரிதான் என்று கேட்டபோது சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். மடிப்புக்குள் ஒருமுறை தொடங்கினால் அது பெயின்ட்டைத் தூக்கும், மடிப்பையே விரித்து அடுத்த தண்ணீருக்கு வழி செய்யும்.

என்னென்ன வழி இருந்தது

ஒன்றும் போடாமல் விடுவது முதல் வழி. வெட்டுக் காலம் முடியும் வரை நாங்கள் அதைத்தான் செய்தோம், ஓட்டைமேல் ஒரு தகரத் துண்டும் படங்கும் விரித்துக்கொண்டு. விந்தை என்னவென்றால், அந்த மூன்று மாதத்தில் கறள் அதிகம் கூடவில்லை. திறந்து கிடந்ததால் கழுவ முடிந்தது, காய்ந்தது. ஆனால் ஒரு மில்லிமீற்றர் அளவான தகரத்தில் மூட்டைக் கொக்கியும் மண்வெட்டியும் படுகிற வண்டியை வெறுமையாக விட ஏலாது.

ஊரில் அதிகம் பேர் செய்வது பிளைவூட் பலகை வெட்டிப் போடுவது. மலிவு, ஒரு மணி நேர வேலை. ஆனால் பலகை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மீன் வண்டியில் இரண்டு கிழமையில் மணமும் கிளம்பும். இதைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை.

மச்சானுக்கு ஆசை அலுமினியச் செக்கர் பிளேட்டில் இருந்தது. "அலுமினியம் கறள் பிடிக்காதே." பிடிக்காதுதான். ஆனால் இரும்பும் அலுமினியமும் முட்டிக்கொண்டு இடையில் உப்புத் தண்ணீர் நின்றால் அது ஒரு பட்டறி. அதில் அழிவது அலுமினியம், வெள்ளைப் பொடியாக அரித்துக்கொண்டு போகும். இடையில் றப்பர் வைத்து, திருகாணிக்கு நைலோன் வோஷர் போட்டு இதைச் சமாளிக்கலாம். சமாளித்தாலும் அடியில் தண்ணீர் தங்குகிற பழைய கதை மாறாது. லைனரைக் கழற்றி, லைனரின் அண்ணனைப் போட்டது போல ஆகும் என்றேன்.

றப்பர் மெட் நல்ல பொருள். எட்டுப் பத்து மில்லிமீற்றர் தடிப்பானது பாரமாக இருக்கும், பெட்டி வழுக்காது. பிளாஸ்டிக் லைனரில் ஐஸ் பெட்டிகள் ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னும் பின்னும் சறுக்கியதை நினைத்தால் இது ஒரு பெரிய நிம்மதி. சுவருக்குக் காவல் இல்லை என்பது ஒரு குறை. டீசலும் ஒயிலும் பட்டால் இயற்கை றப்பர் ஊதிப்போகும் என்பது மற்றது. முக்கியமாக, தூக்கிக் கழுவாவிட்டால் அதற்கடியிலும் இதே குளம்தான். தூக்குவோமா என்று மச்சானைக் கேட்டேன். அவர் உண்மை பேசுகிற ஆள். "முதல் மாசம் தூக்குவன்" என்றார்.

பிறகு ஸ்பிரே லைனிங். லைன்-எக்ஸ், ரைனோ லைனிங்ஸ் என்று அமெரிக்கப் பெயர்களை இணையத்தில் பார்த்துவிட்டு என் கடையில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பொலியூரியா, பொலியூரித்தேன் என்ற இந்த வகையில் இரண்டு திரவங்களைச் சூடாக்கி, உயர் அழுத்தத்தில் துப்பாக்கி முனையில் கலந்து அடிப்பார்கள். பொலியூரியா சில செக்கன்களில் இறுகிவிடும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் தகரத்தோடு ஒரே தோலாக ஒட்டும். அடியில் இடுக்கே இல்லை. எங்கள் பிரச்சினைக்கு அதுதான் நேரான விடை என்று இப்போதும் நினைக்கிறேன், தொட்டி புதிதாக இருந்திருந்தால். கொழும்புப் பக்கம் இதைச் செய்கிற ஒருவரிடம் தொலைபேசியில் விசாரித்தோம். அவர் நேர்மையாகச் சொன்னார்: கறள் வேலை தாங்கள் செய்வதில்லை, சுத்தமான தகரமாகக் கொண்டுவந்தால் அடிப்போம். கறளின் மேல் அடித்தால் லைனிங் மேலே அழகாக நிற்க, கீழே தகரம் போய்க்கொண்டே இருக்கும், தெரியவும் வராது. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிப்போய், வண்டியை அங்கே இரண்டு மூன்று நாள் விட்டு, டிங்கர் செலவைப் போல மூன்று மடங்கு கொடுக்க மச்சானின் கணக்கு இடம் கொடுக்கவில்லை.

கடைசியாக, பைபர். வாழைச்சேனைப் பக்கம் பைபர் வள்ளம் கட்டுகிற ஒருவர் மச்சானுக்குச் சிநேகிதர். தொட்டி முழுவதும் பைபர் மெட் விரித்து ரெசின் பூசிவிடலாமே என்று மச்சான் கேட்டார். கேட்டதும் எனக்கும் சரியென்றுதான் பட்டது. அந்த வள்ளக்காரர்தான் மறுத்தார்.

"இந்த ரெசின் இரும்பில நல்லா ஒட்டாது அண்ணன். வண்டி முறுகும், பைபர் முறுகாது. ஒரு மூலையில விட்டுச்செண்டா உள்ளுக்குப் போற தண்ணி வெளிய வராது. வள்ளத்துக்குத் தண்ணி வெளிய, உங்களுக்குத் தண்ணி உள்ளுக்கு."

தன் கைக்கு வரக்கூடிய கூலியை வேண்டாம் என்று சொன்ன மனிதர். கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவரே இன்னொன்றைச் சொன்னார். மீன் தண்ணீர் தொட்டியில் விழாமல் செய்யலாமே.

அதுவரை எல்லோரும் தகரத்துக்கு மேல் எதைப் பூசலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தோம். பெட்டிகளுக்குக் கீழே ஒரு தட்டம் வைப்பது யாருக்கும் தோன்றவில்லை.

பெற்றோல் கான் பற்றி ஒரு சொல்

இது இந்த ஆய்வுக்குள் வந்தே ஆகவேண்டும். லைனர் கழற்றிய அன்று மச்சான் சொன்ன ஒரு சாதாரண வார்த்தை: "2022 பெற்றோல் வரிசையில நிண்டப்ப கானை இறக்காம இதுக்கு மேல வச்சே அடிச்சனாங்கள்."

பெற்றோல் குழாயால் பாயும்போது மின்னேற்றம் சேரும். கான் நிலத்தில் இருந்தால் அது நிலத்துக்குப் போய்விடும். பிளாஸ்டிக் லைனரின் மேல் இருந்தால் போக வழியில்லை. சேர்ந்த மின்னேற்றம் பம்பின் இரும்பு வாய்க்குத் தாவும்போது பொறி பறக்கும், பெற்றோல் ஆவி அந்த இடத்திலேயே நிற்கும். பிளாஸ்டிக் லைனர் போட்ட கெப்களில் இப்படித் தீப்பிடித்ததைப் பற்றி அமெரிக்க அரசின் வேலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1998இலேயே எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. உலோகக் கானில் ஆபத்து அதிகம், பிளாஸ்டிக் கானும் தப்பாது. மண்ணெண்ணெய் இவ்வளவு சுலபமாகப் பற்றாது. ஆனால் வள்ள எஞ்சினுக்கும் பம்புக்கும் பெற்றோல் வாங்குகிற எங்கள் ஊரில், கானை நிலத்தில் இறக்கி, பம்பின் வாயைக் கானின் வாயோடு முட்டவைத்துத்தான் அடிக்க வேண்டும். றப்பர் மெட்டுக்கும் பைபருக்கும் ஸ்பிரே லைனிங்குக்கும் இதே சட்டம்தான். லைனரை மாற்றினோம், இனிப் பயமில்லை என்று நினைத்துவிடக்கூடாது.

வேலை

யூன் மாதம் வரை காத்திருந்தோம். காரணம் கச்சான். எங்கள் பக்கத்தில் அந்த மாதங்களில் மேற்கேயிருந்து வருகிற கச்சான் காற்று உடுப்பை அரை மணியில் காயவைக்கும், மனிதனையும் சேர்த்து. பெயின்ட் வேலைக்கு அது ஒரு வரம். பூசுகிற தகரத்தின் வெப்பம், காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்குகிற வெப்பத்தைவிட, அதாவது பனிநிலையைவிட, குறைந்தது 3 பாகையாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பழைய விதி. வாடைக் காலத்து விடியலில் தகரம் வேர்த்துக்கொண்டு நிற்கும், அப்போது எதைப் பூசினாலும் தண்ணீரின் மேல் பூசியதுதான்.

பாஸ் முன்மூலைகள் இரண்டையும் துளைகளைச் சுற்றியும் நல்ல தகரம் வரும்வரை வெட்டி எடுத்தார். "கட்டலோய்ப் பசை வச்சு மூடினா நாளைக்கே தரலாம்" என்று ஒரு பகிடி விட்டுவிட்டு, 1.2 மில்லிமீற்றர் தகரம் வெட்டி வெல்டிங் பிடித்தார். மற்ற இடத்துக் கறளைக் கிரைண்டரில் கம்பித் தூரிகை போட்டு எடுத்தோம். குழிக்குள் இருந்ததற்குப் பொசுபோரிக் அமிலம் உள்ள கறள் மருந்து. இங்கே பெயின்ட் கடைக்காரனாக ஒன்று சொல்கிறேன்: அந்த மருந்தை நன்றாகக் கழுவி எடுக்காமல் மேலே எப்பொக்சி அடித்தால் எப்பொக்சி ஒட்டாது. மருந்துப் போத்தல் விற்கும்போதெல்லாம் நான் இதைச் சொல்கிறேன், பத்தில் ஒருவர்தான் கேட்கிறார்.

பிறகு இரண்டு கலவை எப்பொக்சி பிரைமர். மடிப்பு, வெல்டிங் தையல் எல்லாவற்றுக்கும் இடுக்கை அடைக்கிற சீலர் பசை. அதற்கு மேல் தொட்டிக்கென்றே வருகிற இரண்டு கலவைப் பொலியூரித்தேன் பூச்சு, மூன்று பங்குக்கு ஒரு பங்கு ஹார்ட்னர். ஸ்பிரே லைனிங்கின் தம்பி என்று சொல்லலாம். தடிப்பு ஒரு மில்லிமீற்றரையும் எட்டாது, ஆனால் தகரத்தோடு ஒட்டும்.

துப்பாக்கியால் அடிக்கலாமா, ரோலரா என்பதில் எனக்கும் பாஸுக்கும் வாக்குவாதம். துப்பாக்கியில் அழகு வரும். ஆனால் இந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் நுண்துளி மூச்சில் போனால் சிலருக்கு ஆஸ்துமா பிடித்து, பிறகு வாழ்நாள் முழுக்க அந்தப் பொருளின் பக்கமே போக ஏலாமல் ஆகிவிடும். பாஸ் கைலேஞ்சியை மூக்கில் கட்டிக்கொண்டு தயார் என்று நின்றார். தூசி முகமூடி கூட இதற்குக் காணாது, கைலேஞ்சி என்ன செய்யும்? "நாப்பது வருசமா அடிக்கிறன் தம்பி" என்றார். நான் விடவில்லை. ரோலரில்தான் முடித்தோம்.

முதல் தடவை பிழையாகிவிட்டது. பிழை எங்களுடையது. காலையில் வண்டியின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தோம். மேலே எல்லாம் காய்ந்துவிட்டது, வலது சக்கர மேட்டின் மடிப்புக்குள் மட்டும் தண்ணீர் நின்றிருக்கிறது. பின்னேரம் பூசினோம். ஒரு மணி நேரத்தில் அந்த இடம் அப்பத்தின் நடுப்பகுதி போலப் பொங்கிவிட்டது. ஐசோசயனேட்டும் தண்ணீரும் சேர்ந்தால் கரியமிலவாயு கிளம்பும், அதுதான் குமிழி. ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்டி எறிந்து, இரண்டு நாள் வெயிலில் விட்டுத் திரும்பப் பூசினோம். அதற்குப் பிறகு ஒரு கிழமை பாரம் ஏற்றக்கூடாது என்றேன். மச்சான் நான்காம் நாள் மீனுக்குப் போய்விட்டார். அதையும் மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

வடிகால் ஓட்டைகள் நான்கையும் பாஸ் திறந்துவிட்டார், சேற்றோடு சேர்ந்து அவற்றை அடைத்திருந்த றப்பர் மூடிகளையும் தூக்கி எறிந்தார். அடிப்பக்கத்தில் வெல்டிங் பட்ட இடமெல்லாம் பிரைமரும் மெழுகுப் பூச்சும்.

தட்டத்தை வள்ளக்காரர் செய்து தந்தார். இரண்டு சக்கர மேட்டுக்கும் இடையில் சரியாக உட்காரும், மூன்றரை அடி அகலம். மூன்று அங்குல விளிம்பு, பின்பக்கம் சற்றுச் சரிவு, மூலையில் ஓர் அங்குலக் குழாய். குழாயில் இருந்து ஒரு ஹோஸ், ஹோஸின் முடிவில் இருபது லீற்றர் கான். மீன் தண்ணீர் தொட்டியிலும் விழாது, றோட்டிலும் ஊற்றாது. தட்டத்துக்கு அடியில் பழைய ரயரில் வெட்டிய நான்கு றப்பர்க் கீலம், காற்று போவதற்காக. வயல் நாளில் இரண்டு பேர் பிடித்தால் வெளியே. உர மூட்டைக்கு அடியில் படங்கு ஒன்று போதும், வந்ததும் அதை உதறிக் கழுவிவிடலாம்.

ஒரு மாரிக்குப் பிறகு

2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கிழமை வண்டி மூன்று நாள் முற்றத்தில் நனைந்தபடி நின்றது. தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லை, விழவிழ வடிந்தது.

கழுவுவதில் ஒரு சிக்கலைப் பிறகுதான் கண்டுபிடித்தோம். மச்சான் வீட்டுக் கிணறு வாவிக்குக் கிட்ட, கோடையில் உவர் ஏறும். உப்பைக் கழுவ உவர்த்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இப்போது குழாய்த் தண்ணீரில் ஒரு வாளி, கிழமைக்கு ஒரு தரம்.

2025 சித்திரைப் புதுவருடத்துக்கு முதல் கிழமை தட்டத்தைத் தூக்கி ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தோம். முன்மூலைகள் சுத்தம். மடிப்புகள் சுத்தம். பின்கதவு விளிம்பில் மூட்டை இழுபடுகிற இடத்தில் பூச்சு தேய்ந்து பிரைமர் தெரிந்தது. அங்கே ஒரு இரும்புக் கீலம் வைத்திருக்கலாம், யோசிக்கவில்லை. பொங்கி வெட்டிய அந்த வலது மேட்டில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு கொப்புளம். பாஸ் நகத்தால் கிள்ளினார், கீழே இளஞ்சிவப்பாகக் கறள். சுரண்டித் திரும்பப் பூசினோம். கறுப்பு நிறம் வெயிலில் சாம்பலாகிவிட்டது. அழகு வேண்டும் என்றால் வெயில் தாங்குகிற விலை கூடிய வகையை வாங்கியிருக்க வேண்டும். மீனுக்கு எந்த நிறம் என்றால் என்ன? தட்டத்தின் ஒரு மூலை ஐஸ் பெட்டி விழுந்து வெடித்திருந்தது, வள்ளக்காரர் அரை மணியில் ஒட்டித் தந்தார்.

எல்லோருக்கும் இதைச் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். திருக்கோவில் பக்கம் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் தேங்காயும் விறகும் ஏற்றுகிறார். அவருக்கு அடிதான் பிரச்சினை, தண்ணீர் இல்லை. பழைய பிளாஸ்டிக் லைனரை அவரிடமே கொடுத்துவிட்டோம், அவருடைய வண்டியும் அதே மொடல். துளைக்கெல்லாம் பெயின்ட் வைத்து, வருடத்தில் ஒருமுறை கழற்றிக் கழுவுகிறார். அலுவலக வேலைக்கு ஓடுகிற டபுள் கெப்புக்கு ஒரு றப்பர் மெட் போதும், அதற்கு மேல் செலவழிப்பது ஆசைக்குத்தான். புதிய வண்டி எடுக்கிறவர் முதல் மூட்டை ஏற்ற முன்னமே ஸ்பிரே லைனிங் அடித்துவிட்டால் எங்களுடைய தலையிடி எதுவும் அவருக்கு வராது.

2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்ததும் பழைய வண்டிகளை விலை கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அக்கரைப்பற்றில் இருந்து ஒருவர் மச்சானின் கெப்பைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர், எஞ்சினைப் பார்த்தார், ரயரைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"லைனர் ஒண்டும் போடல்லையா காக்கா? என்ட வண்டியில போட்டுத்தான் கிடக்கு. தொட்டி புதுசு மாதிரி."

மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு அவரைக் கேட்டார்: "அதக் கடைசியா எப்ப கழட்டிப் பாத்தீங்க?"

வண்டி விலைப்படவில்லை. ஆனால் அவர் போகிற வழியில் பாஸின் கராஜில் தன் வண்டியை நிறுத்தியதாகப் பின்னேரம் கேள்விப்பட்டோம். திருகாணிகள் இறுகிப்போய்க் கிடந்ததால் அன்று கழற்ற முடியவில்லையாம். பாஸ் கறள் ஒயில் ஊற்றி விட்டிருக்கிறார், நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.